விடுபட்ட இரண்டு சனிக்கிழமைகள்: மழைநீர்ப் பீப்பாயும் டிங்கியும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு 2025 ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை கோலாலம்பூரின் வடபகுதித் தாமான் (குடியிருப்புப் பகுதி) ஒன்றின் பின்சந்தில், மழைநீர் பிடித்து வைத்த பீப்பாயில் கொசுப்புழு வளர்ந்ததையும் இரண்டு பேருக்கு டிங்கி (டெங்கு) காய்ச்சல் வந்ததையும் பற்றியது. சம்பந்தப்பட்ட யாருடைய பெயரும் இதில் இல்லை. நிகழ்வின் நடுவில் இருக்கும், பீப்பாய்களை வைத்த தாய் இதன் வரைவைப் படித்து இரண்டு தேதிகளைத் திருத்திக் கொடுத்தார். நான் அந்தக் குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர். பீப்பாய்களுக்கு அனுமதி கொடுத்த தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது. எனவே நடுநிலையாளன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது.

பின்னணி

எங்கள் சந்தின் இருபுறமும் மொத்தம் 22 இரட்டை மாடித் தொடர்வீடுகள் முதுகு காட்டி நிற்கின்றன. தமிழர், சீனர், மலாய்க்காரர் கலந்து வாழும் இடம். சந்து ஒரு காலத்தில் பழைய மெத்தைகளும் உடைந்த நாற்காலிகளும் போடும் இடமாக இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோத்தோங் ரோயோங் (எல்லோரும் கூடிச் செய்யும் பொதுப்பணி) போட்டுச் சுத்தம் செய்து, ஓரமாகச் சில பாத்திகள் அமைத்தோம். கத்தரி, வெண்டை, பாண்டான், மிளகாய், ஒரு முருங்கை.

அந்தத் தாய்க்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே பார்ப்பார். கணவருக்கு ஷிப்டு வேலை. பன்னிரண்டு வயதில் ஒரு மகள், எட்டு வயதில் ஒரு மகன். உலு சிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டத்தில் (எஸ்டேட்டில்) பிறந்து வளர்ந்த மாமியாரும் உடன் இருக்கிறார். சந்துத் தோட்டத்தில் உண்மையில் எதுவும் காய்த்தது அந்தப் பாட்டியின் கையால்தான்.

  அந்த ஆண்டு ஏப்ரலில் அந்தத் தாய் ஒரு திட்டத்தோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார். பள்ளி விடுமுறை முடிவதற்குள் வீட்டுக் குப்பையைப் பாதியாகக் குறைப்பது, சமையலறைக் கழிவை உரமாக்குவது, பயன்படுத்திய சமையல் எண்ணெயைச் சேர்த்து விற்பது, பிள்ளைகளின் பழைய துணிகளை மற்ற வீடுகளோடு மாற்றிக்கொள்வது, மழைநீரைப் பிடித்துத் தோட்டத்துக்கு ஊற்றுவது. ஐந்து வேலைகள். அவற்றோடு இரண்டு கலியாணம், ஒரு காதுகுத்து, மகளின் பரதநாட்டிய வகுப்பு, அலுவலகக் காலாண்டுக் கணக்கு. நான் அப்போது பாராட்டத்தான் செய்தேன்.

தொடக்கம்: ஏப்ரல்

குப்பைப் பகுதியில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் அது நன்றாகவே நடந்தது. கோலாலம்பூரில் 2015 செப்டம்பர் முதலே வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடும் விதி இருக்கிறது. மீதக் குப்பைக்கு லோரி வாரத்தில் இரண்டு முறை வரும்; மறுசுழற்சிப் பொருளுக்கு ஒரு முறை. விதி இருந்தும் எங்கள் சந்தில் பாதி வீடுகள் எல்லாவற்றையும் ஒரே பையில்தான் கட்டி வைத்தன. அவர் வீடு வீடாகப் போய்ப் பேசியதில் பல வீடுகள் மாறின. உரத்துக்குத் தக்காகுரா முறையைத் தேர்ந்தெடுத்தார்: துளையுள்ள துணிக்கூடை, உமி, தவிடு, நொதித்த கலவை. முதல் மூன்று வாரம் புளித்த நாற்றம் அடித்தது. பாட்டி இன்னும் கொஞ்சம் உமியைக் கொட்டச் சொன்னார், நாற்றம் நின்றது.

மழைநீர்தான் விஷயம். கோலாலம்பூரும் அதன் சுற்றுப்புறமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு நீர் விநியோகத் தடை புதிதல்ல. அறிவிப்பு வந்ததும் வாளி, சட்டி, குளிக்கும் தொட்டி எல்லாவற்றையும் நிரப்பி வைப்போம். ஏப்ரல், மே மாதங்களிலோ பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். அத்தனையும் கால்வாயில் ஓடிவிடும். இதைப் பிடித்தால் என்ன என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஏப்ரல் 12, சனிக்கிழமை, பழைய பொருள் கடையிலிருந்து நான்கு நீலப் பீப்பாய்கள் வந்தன. ஒவ்வொன்றும் 200 லிட்டர். இரண்டு அவருடைய வீட்டுப் பின்புறம், இரண்டு சந்துத் தோட்டத்தில்.

சங்கம் போட்ட நிபந்தனைகள் மூன்று: வாயைக் கொசுவலைத் துணியால் மூடிக் கட்ட வேண்டும், வாரா வாரம் சனிக்கிழமை திறந்து பார்க்க வேண்டும், பார்த்ததை நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். யார் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அவர்தான் பார்ப்பார் என்று விட்டுவிட்டோம்.

மே: கலியாண மாதம்

நோட்டுப் புத்தகத்தை இப்போது எடுத்துப் பார்த்தால் எல்லாம் தெரிகிறது. ஏப்ரல் 19, 26, மே 3 ஆகிய மூன்று நாளும் மகளின் உருண்டையான எழுத்தில் "பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை" என்று இருக்கிறது. மே 10, 17 இரண்டும் வெற்று வரிகள். அந்த இரண்டு சனிக்கிழமையும் குடும்பம் வீட்டில்தான் இருந்தது. ஆனால் ஒன்று கலியாண வேலைக்கு முந்தின நாள், மற்றொன்று நலங்கு. மே 24 அன்று மறுபடியும் "ஒன்றும் இல்லை". அன்று தோட்டத்துப் பீப்பாய்களை மட்டும் பார்த்ததாகவும், வீட்டுப் பின்புறத்துக்கு நேரமில்லை என்றும் மகள் பிறகு சொன்னாள். பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன்.

இடையில் இன்னொன்று நடந்தது. மே முதல் வாரத்தில் கணவர் கூரை வடிகால் குழாயை நேராகப் பீப்பாய்க்குள் இறக்கிவிட்டார். முன்பு வலைத்துணியின் மேல் விழுந்து வடிகட்டி இறங்கிய தண்ணீர் சுற்றிலும் தெறித்தது, அதைத் தவிர்க்கத்தான். வலையில் வட்டமாக ஓர் ஓட்டை வெட்டிக் குழாயைச் செருகினார். குழாய்க்கும் துணிக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளி. அதை யாரும் நோட்டில் எழுதவில்லை, ஏனென்றால் யாருக்கும் அது ஒரு மாற்றமாகவே தோன்றவில்லை.

மே 29 காலை குடும்பம் ஈப்போவுக்குப் புறப்பட்டது. இரண்டாவது கலியாணம், அதன் பிறகு உறவினர் வீடுகள். ஜூன் 6 இரவு திரும்பினார்கள்.

காணப்பட்டவை: ஜூன்

ஜூன் 7 காலை மிளகாய்ச் செடிக்கு ஊற்றத் தண்ணீர் எடுக்கப் போன தாய் பீப்பாயின் வலையை விலக்கிப் பார்த்தார். நிழல் விழுந்ததும் தண்ணீருக்குள் ஏதோ கூட்டமாகக் கீழே இறங்கியது. சற்றுப் பொறுத்ததும் ஒவ்வொன்றாக மேலே வந்து, வாலை மேற்பரப்பில் ஒட்டித் தலைகீழாகத் தொங்கின. கொசுப்புழுக்கள், சுவரொட்டிகளில் மலாயில் "ஜெந்திக்-ஜெந்திக்" என்று போட்டிருப்பார்களே, அவை. உடனே பீப்பாயைச் சாய்த்து முழுத் தண்ணீரையும் மண்ணில் கொட்டினார். கால்வாயில் கொட்டவில்லை, அது சரியான முடிவு. ஈரம் வற்றிய மண்ணில் புழு பிழைக்காது. படம் எடுத்து வாட்சாப் குழுவில் போட்டு மன்னிப்பும் கேட்டார். பிறகு துணி துவைக்கப் போய்விட்டார். ஒன்பது நாள் அழுக்குத் துணி.

ஜூன் 9 மாலை நல்ல மழை. பீப்பாய் பாதி நிரம்பியது.

ஜூன் 10 அன்று அடுத்த வரிசையில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தின் பதினான்கு வயதுப் பையனுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் கிளினிக்கில் இரத்தம் எடுத்து, டிங்கிக் கிருமியின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனை செய்ததில் டிங்கி என்று தெரிந்தது. டிங்கி சந்தேகம் என்றாலே 24 மணி நேரத்துக்குள் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். மறுநாளே, ஜூன் 13 அன்று, பரிசோதனைக் குழு சந்துக்கு வந்துவிட்டது.

குழுவில் இருந்த அதிகாரி இளைஞர். கையில் டார்ச், நீண்ட பிடியுள்ள வெள்ளை அகப்பை. ஆறு நாளுக்கு முன் கவிழ்த்துக் காலி செய்த அதே பீப்பாயிலிருந்து ஓர் அகப்பைத் தண்ணீர் எடுத்தார். வெள்ளைப் பின்னணியில் புழுக்கள் துல்லியமாகத் தெரிந்தன. தாய் திகைத்துப்போய், "இதைக் கொட்டிவிட்டேனே, படம் கூட இருக்கிறது" என்றார். அதிகாரி எதுவும் சொல்லாமல் டார்ச்சைப் பீப்பாயின் உள்சுவரில் சாய்த்துப் பிடித்தார். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, விரலால் கோடு இழுத்ததுபோல் கருப்புப் புள்ளிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. மிளகுத் தூளை விடச் சன்னமானவை. கட்டைவிரலால் தேய்த்தால்தான் வருகின்றன. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வருவதில்லை. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரில் முட்டை இடுவதில்லை; தண்ணீர் விளிம்புக்கு மேலே ஈரமான சுவரில் இடுகிறது. அந்த முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அடுத்த மழையில் மட்டம் ஏறி நனைந்ததும் பொரிக்கும். கவிழ்த்ததில் போனது புழு மட்டும். தேய்க்காததால் முட்டைகள் அப்படியே காத்திருந்தன.

நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 500 ரிங்கிட் அபராதம். அன்று சந்து முழுவதும் தேடியதில் இன்னும் மூன்று இடங்களில் புழு கிடைத்தது: ஒரு வீட்டின் குளிர்பதனப் பெட்டிக்கு அடியிலுள்ள நீர்த்தட்டு, ஆளில்லாத வீட்டின் கழிவறைத் தொட்டி, ஒரு வீட்டுப் பூஜை அலமாரியில் இருந்த மூங்கில் ஜாடி. அந்த ஜாடி வீட்டுக்காரர் பீப்பாயைப் பற்றி மிகவும் உரக்கப் பேசியவர்களில் ஒருவர். இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

மறுநாள் புகை மருந்து அடித்தார்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தண்ணீரிலுள்ள புழுவைத் தொடாது. புகை வண்டி போனதும் வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள்.

ஜூன் 15 அன்று பையனுக்குக் காய்ச்சல் இறங்கியது. அவன் அம்மா நிம்மதியடைந்து கஞ்சி வைத்துக்கொடுத்தார். மாலைக்குள் வயிற்று வலி, விடாத வாந்தி. டிங்கியில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பது எங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. நல்லவேளையாக வாட்சாப்பில் வந்த ஒரு செய்தியை நினைவுவைத்திருந்த பீப்பாய் வீட்டுத் தாய் அந்த வீட்டுக்கு ஓடி, மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். நான்கு நாள் படுக்கை. பையன் நலமாகத் திரும்பினான். ஜூன் 18 அன்று இரண்டு வீடு தள்ளி இருக்கும் சீன மூதாட்டிக்கும் காய்ச்சல், அதுவும் டிங்கி. பதினான்கு நாளுக்குள் இரண்டாவது நோயாளி என்பதால் எங்கள் இடம் நோய் பரவும் பகுதியாகப் பதிவானது.

யாருடைய கொசு

அடுத்த ஒரு வாரம் சந்தில் எல்லோர் வாயிலும் ஒரே கதை: ஒன்பது நாள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கலியாணத்துக்குப் போனார்கள், பீப்பாயில் கொசு வளர்ந்தது, பையனைக் கடித்தது. பையனின் அம்மா தாயிடம் நேரில் சொன்னது இது: "அக்கா, தண்ணீரைச் சேமிக்கத்தான் வைத்தீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் இனி அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது."

தேதிகளை வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடி பட்டுக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள் ஆகும். பையனுக்குக் காய்ச்சல் கண்டது ஜூன் 10. ஆக, கடி மே 31க்கும் ஜூன் 6க்கும் இடையில். கடித்த கொசு அதற்கு முன்பே வேறொரு நோயாளியின் இரத்தத்தைக் குடித்து, கிருமி அதன் உடலில் முற்ற 8 முதல் 12 நாள் ஆகியிருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அந்தக் கொசு மே 29க்குள் பறந்துகொண்டிருந்த கொசு. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. எனவே ஜூன் 7 அன்று நெளிந்த புழுக்களுக்கும் பையனின் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை. பூட்டியிருந்த ஒன்பது நாள் குற்றவாளி அல்ல.

அதற்காகப் பீப்பாய் விடுதலையாகிவிடவில்லை. மே முதல் வாரத்தில் வலையில் ஓட்டை, மே 10இலும் 17இலும் யாரும் பார்க்கவில்லை, 24இல் அரைகுறை. மே மாத நடுவில் அங்கிருந்து கொசு கிளம்பியிருக்கலாம். குளிர்பதனப் பெட்டித் தட்டிலிருந்தும் கிளம்பியிருக்கலாம். பையன் பந்தாடப் போகும் திடலிலும் கடி பட்டிருக்கலாம். மூதாட்டியின் தேதிகளைப் பார்த்தால், அவருக்குப் பையனிடமிருந்து பரவியிருக்க வாய்ப்பில்லை, நாள் போதாது. அதாவது இருவருக்கும் முன்பே அக்கம்பக்கத்தில் எங்கோ ஒரு நோயாளி இருந்திருக்கிறார். இதற்கு மேல் கண்டுபிடிக்க முடியாது.

இந்தக் கணக்கைத் தாயிடம் காட்டியபோது அவர் ஆறுதல் அடைவார் என்று நினைத்தேன். "அப்படியானால் ஊருக்குப் போனது தப்பில்லை. வீட்டில் இருந்துகொண்டே பார்க்காமல் விட்டதுதான் தப்பு" என்றார்.

முடிவுகளும் காரணங்களும்

ஜூன் 22 ஞாயிறு மாலை கூட்டம். பீப்பாய்கள் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும் என்றவர்கள் ஏழு வீட்டார். அவர்கள் அச்சம் நியாயமானது. ஆனால் புழு கிடைத்த நான்கு இடங்களில் மூன்று பீப்பாயே அல்ல. பீப்பாயை எடுத்துவிட்டால் மிச்ச மூன்றை யார் தேடுவார்கள் என்று மலாய்க்கார அண்டைவீட்டார் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி.

கூட்டத்தைத் திருப்பியது பாட்டி. மண்ணெண்ணெய் ஊற்றலாமா என்று யாரோ கேட்டதற்கு, காய்கறிக்கு ஊற்றும் தண்ணீரில் அது வேண்டாம் என்று முதலில் மறுத்தார். பிறகு தோட்டத் தொழிலாளர் லயத்தில் தன் சிறுவயதில் வாரம் தவறாமல் ஒருவர் முதுகில் தெளிப்பானோடு வந்து கால்வாய்க்கும் குட்டைக்கும் எண்ணெய் அடித்ததைச் சொன்னார். 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் மலேரியாவுக்கு எதிராகச் சதுப்பை வடித்ததிலிருந்து தொடங்கிய கொசு ஒழிப்பு வழக்கத்தின் தொடர்ச்சி அது. பாட்டிக்கு அந்தப் பெயர் தெரியாது, தெளிப்பான்காரரைத்தான் தெரியும். "அங்கே எண்ணெய் அடிக்கவென்றே ஓர் ஆள் சம்பளத்துக்கு இருந்தான். இங்கே யார் இருக்கிறார்கள்? என் மருமகள் ஒருத்தி. அவளுக்கு ஆபீஸ் இருக்கிறது" என்றார். அதற்குப் பிறகு கூட்டத்தில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

நான்கு பீப்பாய்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டோம், இரண்டும் பொதுத் தோட்டத்தில். துணி வலைக்குப் பதில் இறுகிய மூடி, நீர் இறங்கும் வாயிலும் வழியும் வாயிலும் துருப்பிடிக்காத கம்பி வலை, எடுக்க அடியில் பைப். மூடியைத் திறக்கவே தேவையில்லை. புழுக்கொல்லித் துகளை 10 லிட்டருக்கு 1 கிராம் என்ற அளவில், நிரம்பிய பீப்பாய்க்கு 20 கிராம் போடுகிறோம். மாதம் ஒருமுறை முழுவதும் காலி செய்து உள்சுவரைத் தென்னந்தும்புப் பிரஷால் தேய்க்கிறோம். கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் விடலாம் என்றார் பாட்டி. மூடிய பீப்பாய்க்கு அது ஒத்துவராது, அல்லிக் கொடித் தொட்டியில் விட்டிருக்கிறோம்.

முக்கியமான மாற்றம் நோட்டில். சனிக்கிழமைக்கு நேராக இப்போது வீட்டு எண் இருக்கிறது. 22 வீட்டில் 14 வீடுகள் முறை ஏற்றன. முறைக்காரர் பீப்பாயை மட்டுமல்ல, சந்தை முழுதும் பத்து நிமிடம் நடந்து பார்க்க வேண்டும். சுகாதார அமைச்சு வாரம் பத்து நிமிடம் என்று சொல்வது சும்மா அல்ல. கொசு உருவாக ஏழு நாளாவது ஆகிறது, ஏழு நாளுக்குள் ஒருமுறை பார்த்தால் முந்திவிடலாம். ஊருக்குப் போகிறவர் முறையை மாற்றிக்கொள்ளாமல் போகக் கூடாது.

அபராதத்தைச் சங்கம் கட்டலாம் என்று நான் சொன்னேன். தாய் மறுத்துத் தானே கட்டிவிட்டார். அது சரியல்ல என்பது இன்றும் என் கருத்து.

பின்விளைவு

ஜூன் 18க்குப் பிறகு புதிய நோயாளி இல்லை. ஆகஸ்டு இறுதிவரை பத்துச் சனிக்கிழமைகள். ஒன்று விடுபட்டது, மறுநாள் பார்த்தார்கள். இரண்டு முறை புழு கிடைத்தது, இரண்டும் பூந்தொட்டித் தட்டுகளில். உரக்கூடைகள் ஐந்து வீடுகளில் ஓடுகின்றன. எண்ணெய் சேகரிப்பு நின்றுபோனது, துணி மாற்றம் ஒரே முறை நடந்தது. தாய் இரண்டையும் கைவிட்டதைப் பற்றி வருத்தப்படவில்லை; சனிக்கிழமை காலை மகளோடு நாட்டிய வகுப்புக்குப் போய் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

பையனின் அம்மாவுக்கு ஜூலையில் வெண்டைக்காய் கொடுத்தனுப்பினார். பாத்திரம் கழுவி வெறுமையாகத் திரும்பி வந்தது. ஆகஸ்டில் கத்தரிக்காய் அனுப்பியபோது பாத்திரம் திரும்பி வரவே ஒரு வாரம் ஆயிற்று. உள்ளே நான்கு அதிரசம் இருந்தது. இருவரும் இன்னும் நேரில் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

மாற்ற வேண்டியவை

அனுமதித் தாளில் ஆள் பெயர் இல்லாமல் கையெழுத்துப் போட்டது என் தவறு. அதோடு, பீப்பாயில் குழாயை மாற்றுவது போன்ற சிறு வேலை கூட நோட்டில் ஏற வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஐந்து வேலைகளை ஒரே விடுமுறையில் தொடங்க விட்டிருக்கக் கூடாது. உரக்கூடையைப் பத்து நாள் மறந்தால் நாற்றம்தான் வரும், தண்ணீரை மறந்தால் வருவது வேறு. எது மறதியைப் பொறுக்கும், எது பொறுக்காது என்று பிரித்திருந்தால் பீப்பாயை ஆகஸ்டுக்குத் தள்ளியிருப்போம்.

ஆளில்லாத வீட்டின் கழிவறைத் தொட்டிக்கு இன்னும் தீர்வு இல்லை. உரிமையாளர் ஜொகூரில் இருக்கிறார். சாவி கேட்டு மூன்று முறை எழுதிவிட்டோம். தண்ணீர் பிடிப்பதை நிறுத்திய மற்ற இரண்டு பீப்பாய்களுக்கு அடியில் துளை போட்டு, உமி நிரப்பி, உரத்துக்கு வைத்திருக்கிறோம்.